வெடித்த மேனிஃபோல்டை மூடுமுன்: பட்டறைப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்தில் பழைய கார்களைக் கண்ணாகப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோரிஸ் மைனர், ஆஸ்டின், லேண்ட் ரோவர் என்று தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்டுகிறான். ஹார்வார்டு, டப்ளின், விக்டோரியா போன்ற தோட்டங்களில் லயத்து வாழ்க்கை முடிந்து குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது, தோட்டத்து ஒர்க்ஷாப்பில் கைபழகிய பலர் சாலையோரம் சொந்தப் பட்டறை போட்டார்கள். ரப்பர்ப் பால் லாரியையும் டிராக்டரையும் துரையின் காரையும் உதிரிபாகம் இல்லாத காலத்தில் ஓடவைத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் நான் கற்றதையும், பிறகு என் கை கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினில் எரிந்த புகை வெளியே வரும் முதல் வழி எக்சாஸ்ட் மேனிஃபோல்ட். பழைய கார்களில் அது கனத்த வார்ப்பிரும்பு. ஓடும்போது காய்ந்து, நின்றதும் ஆறி, மறுபடி காய்ந்து, ஐம்பது அறுபது வருஷம் உழைத்த இரும்பு ஒரு நாள் வெடிக்கும். அந்த வெடிப்பை மூடுவது வேலையில் பாதிதான். அது ஏன் வெடித்தது என்று கண்டுபிடித்து அந்தக் காரணத்தை நீக்குவது மறுபாதி. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும் தங்கச்சிகளும் இந்த இரண்டாம் பாதியை மறக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

1. எஞ்சின் ஆறியிருக்கும்போது கேள்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, "சத்தம் கேட்குது, பாருங்க" என்று ஒருவர் நிறுத்தினால், ராத்திரி பட்டறையிலேயே விட்டுப் போகச் சொல். மறுநாள் காலையில் நீயே ஸ்டார்ட் செய். மேனிஃபோல்ட் வெடித்திருந்தால் "டிக் டிக்" என்ற சத்தம் ஆறிய எஞ்சினில்தான் தெளிவாகக் கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் வெடிப்பின் இரு கரையும் நெருங்கி, சத்தம் தானாகக் குறைந்துவிடும். டேப்பெட் சத்தம் அப்படி மறையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் டேப்பெட்டைத் திருகித் திருகிப் பார்த்து நாளை வீணாக்குபவர்கள் உண்டு.

பிறகு டார்ச் அடித்துக் கரித்தடத்தைத் தேடு. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் கோட்டில் கரி படிந்திருந்தால் கேஸ்கெட் கசிகிறது. இரும்பின் உடம்பிலிருந்தே கரி கிளம்பியிருந்தால் அது வெடிப்பு. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. முகம் வளைந்தால் கேஸ்கெட் கசியும். கசிவை நிறுத்த யாராவது நட்டை மேலும் முறுக்கியிருப்பார்கள். அந்த முறுக்கிலேயே இரும்பு வெடித்திருக்கும்.

2. கசியும் புகையைச் சின்ன விஷயமாக எண்ணாதே.

"சத்தம்தானே, ஓடுதுல்ல" என்று சொல்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கு நீ பொறுமையாக விளக்க வேண்டும். எக்சாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மேனிஃபோல்ட் இருப்பது பயணிகள் உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால். பழைய கார்களில் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே உள்ள நடுச்சுவரின் ரப்பர் வளையங்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும். கேபிளும் பெடலும் நுழையும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாலிங் வரை குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மேனிஃபோல்ட் வேலை எடுத்தால் நடுச்சுவரின் ஓட்டைகளையும் பார்த்து அடைத்துக் கொடு. காசு கேட்காமலேயே செய். ஐந்து நிமிட வேலை, ஒரு குடும்பத்தின் உயிர்.

3. காரணம் தெரியும்வரை நெருப்பைத் தொடாதே.

மேனிஃபோல்ட் காரணமில்லாமல் வெடிப்பதில்லை. கழற்றுவதற்கு முன்பே காரணத்தைத் தேடு. கழற்றிய பிறகு பாதிச் சாட்சியம் போய்விடும். நான் பார்க்கும் வரிசை இது.

எக்சாஸ்ட் குழாயைத் தாங்கும் பிராக்கெட் இருக்கிறதா? கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சின்னத் தகடு, ஒரு போல்ட். அது போனால் குழாயின் மொத்த எடையும் மேனிஃபோல்டின் கழுத்தில் தொங்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நசிந்திருக்கிறதா? நசிந்தால் எஞ்சின் ஒவ்வொரு முறை ஆடும்போதும் குழாய் மேனிஃபோல்டை இழுக்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா? பின்தங்கினால் பெட்ரோல் சிலிண்டரில் எரிந்து முடியாமல் வெளியேறும்போதும் எரிந்து, மேனிஃபோல்டைச் சிவக்கச் செய்யும். கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறதா, இன்லெட் பக்கம் காற்று நுழைகிறதா? அதுவும் அதே சூட்டைத்தான் தரும்.

கடைசியாக, வண்டி தண்ணீரில் இறங்கியதா என்று சொந்தக்காரரைக் கேள். நம் கெடாவில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. 2010 நவம்பரில் அலோர்ஸ்டார், ஜித்ரா பக்கம் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய வெள்ளம் வேண்டியதில்லை. நெடுந்தூரம் ஓடிக் காய்ந்த வண்டி ஒரு தண்ணீர்க் குட்டையில் வேகமாக இறங்கினாலே போதும். கொதிக்கும் கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் வார்ப்பிரும்புக்கும் ஆகும்.

4. மோரிஸ் மைனரின் வாஷரை உற்றுப் பார்.

நம் பக்கம் அதிகம் வரும் பழைய கார் மோரிஸ் மைனர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த கார் அது. 1952 முதல் அதில் வந்த ஏ வரிசை எஞ்சின் 803 சிசியில் தொடங்கி, 948, 1098 என்று வளர்ந்தது. நான்கு சிலிண்டருக்கு மூன்றே எக்சாஸ்ட் வாசல். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலில் புகையைத் தள்ளுகின்றன. ஆகவே நடுக்கிளைக்கு ஓய்வு குறைவு, சூடு அதிகம்.

இன்லெட்டும் எக்சாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. சில ஸ்டட்களில் ஒரு தடித்த வாஷர் இரண்டு பாகங்களின் காதையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த இரண்டு காதும் ஒரே தடிமனில் இருந்தால்தான் வாஷர் நேராக உட்காரும். யாராவது எக்சாஸ்டின் முகத்தை மட்டும் சீவி, இன்லெட்டைச் சீவாமல் விட்டிருந்தால், வாஷர் ஒரு பக்கம் சாயும். இறுக்கும் பலம் முழுவதும் இன்லெட் காதின் மேல் விழும். எக்சாஸ்ட் தளர்ந்து கசியும். அதை நிறுத்த இன்னும் முறுக்குவார்கள், காது வெடிக்கும். இப்படி வெடித்ததை நீ எவ்வளவு அழகாக வெல்டிங் செய்து கொடுத்தாலும், அதே சாய்ந்த வாஷரைப் போட்டு இறுக்கினால் மறுபடி வரும். வாஷரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார். ஒரு விளிம்பு மட்டும் பளபளத்துத் தேய்ந்திருந்தால் கதை முழுவதும் அதிலேயே எழுதியிருக்கிறது.

5. கழற்றுவதற்கு ஒரு ராத்திரி கொடு.

துருப்பிடித்த ஸ்டட்டோடு மல்லுக்கு நிற்காதே. முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை நட்டிலும் மரையிலும் ஊற வை. காலையில் நட்டை மட்டும் கேஸ் தீயால் சுட்டு, ஸ்பேனரை இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பு. முன்னும் பின்னுமாகப் போ. எண்ணெய் ஊறிய இடத்தில் தீ பிடிக்கும் என்பதால் அதை நன்றாகத் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரையும் தூர எடுத்து வைத்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

ஸ்டட் முறிந்துவிட்டால் பதறாதே. தெரியும் நுனியின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பு; அந்தச் சூடே மரையை இளக்கும்; கொஞ்சம் ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பு. பதறாத காரியம் சிதறாது.

பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டாதே, காற்றடித்து ஊதாதே, கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதே. தண்ணீரில் நனைத்து, தகுந்த மாஸ்க் போட்டு, மெல்லப் பெயர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி அகற்று. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

6. எந்த இரும்பு என்று தெரிந்துகொள்.

பழைய மேனிஃபோல்ட் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்கு கார்பன். அந்தக் கார்பன் பெரும்பாலும் மெல்லிய கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் படிந்திருக்கிறது. அதனால்தான் அறுக்கவும் துளையிடவும் எளிது. அதனால்தான் இழுத்தால் நீளாமல் வெடிக்கிறது. மைல்டு ஸ்டீல் வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்தால் மற்ற அறிவுரைகள் எல்லாம் தானாக விளங்கும்.

1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் என்பவர் உருகிய இரும்பில் மெக்னீசியம் சேர்த்து, கிராஃபைட்டைச் செதிலாக விடாமல் உருண்டையாக்கும் வழியைக் கண்டார். அந்த வார்ப்பு ஓரளவு வளையும். பிற்காலத்து மேனிஃபோல்ட்கள் பல அதில் செய்யப்பட்டவை. கிரைண்டரை லேசாகத் தொட்டுத் தீப்பொறியைப் பார்த்தால், ஸ்டீலின் பொறி நீளமாக, வெளிச்சமாகப் பறக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக இருக்கும். மூலையில் கொஞ்சம் துளையிட்டுப் பார்த்தாலும் தெரியும். சுருள் சுருளாக வந்தால் ஸ்டீல். கறுத்த தூளாக உதிர்ந்து விரலில் கரி ஒட்டினால் சாம்பல் வார்ப்பு.

7. வெடிப்பின் முனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிவதில்லை.

மேனிஃபோல்டைக் கழுவி, கரியையும் துருவையும் நீக்கி, நன்றாக உலர்த்து. வெடித்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடு. வெளியே சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைச் சாக்கட்டியைப் பொடித்து மெல்லப் பூசு. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இரு. வெள்ளைப் பூச்சின் மேல் ஒரு நனைந்த கோடு மெல்ல ஊர்ந்து தெரியும். கண்ணுக்கு வெடிப்பு முடிந்துவிட்டதாகத் தோன்றிய இடத்தைத் தாண்டி அந்தக் கோடு இன்னும் கொஞ்ச தூரம் போகும். அது நிற்கும் புள்ளியில் மார்க் செய். அதற்குச் சற்று வெளியே 3 மில்லிமீட்டர் துளை போடு. துளையின் வட்டத்தில் இழுவை பரவிவிடும். வெடிப்பு அதைத் தாண்டி ஓடாது. இப்போது கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயும் இதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும். கையில் காசிருந்தால் அதை வாங்கு.

பிறகு வெடிப்பு நெடுக 'வி' வடிவில் பள்ளம் வெட்டு. வெறும் கிரைண்டர் கல்லால் மட்டும் தேய்த்தால் கிராஃபைட் பூசி மெழுகியதாகிவிடும். அதன் மேல் வெல்டிங் பிடிக்காது. உளியாலோ சுழல் அரத்தாலோ கடைசித் தோலை எடுத்து, பளிச்சென்ற உலோகத்தைக் காட்டு.

8. தேறாததைத் தேறாது என்று சொல்.

பள்ளம் வெட்டும்போது இரும்பு பளிச்சென்று வராமல், எவ்வளவு ஆழம் போனாலும் கறுப்பாக, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் நிறுத்து. பல்லாண்டுச் சூட்டில் காற்று உள்ளே புகுந்து இரும்பு எரிந்துபோயிருக்கிறது. அதன் மேல் தங்கத்தையே ஊற்றினாலும் பிடிக்காது. யாராவது முன்பே பித்தளை வெல்டிங் செய்திருந்தாலும் அப்படித்தான். பித்தளை ஊறிய இடத்தில் வேறு ராடு ஒட்டாது. பித்தளை முழுவதையும் வெட்டி எடுத்தாலொழியத் தொடாதே.

அப்போது வேறு மேனிஃபோல்ட் தேட வேண்டும். பழைய இரும்புக் கடைகளைச் சுற்று. அதோடு நின்றுவிடாதே. இந்தியாவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்த கார். அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் பி வரிசையைச் சேர்ந்தது. பழைய ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருப்பவருக்கு அங்கே வழி பிறக்கலாம். இலங்கையில் 1990-களில் மோரிஸ் மைனருக்குப் புதிதாக உதிரிபாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் தலைமுறை தலைமுறையாக வார்ப்பாலைகள் இருக்கின்றன. நல்ல மாதிரி ஒன்றைக் கொடுத்தால் புதிதாக வார்க்கத் தெரிந்த ஊர் அது. இந்த ஊர்களில் இவ்வளவு கைத்திறன் இருக்கும்போது, ஒட்டாத இரும்பை ஒட்டிக் கொடுத்து ஒருவரை ஏமாற்ற வேண்டியதில்லை.

9. மூன்று வழியையும் கற்று, இடம் பார்த்துத் தேர்ந்தெடு.

முதல் வழி, முழு மேனிஃபோல்டையும் சுட்டு, வார்ப்பிரும்பு ராடையும் அதற்குரிய ஃபிளக்ஸையும் கொண்டு கேஸ் வெல்டிங்கில் உருக்கிச் சேர்ப்பது. இரும்போடு இரும்பு ஒன்றாகும். நன்றாகச் செய்தால் இதைப் போல நிலைப்பது வேறில்லை. ஆனால் உலையும் நேரமும் பொறுமையும் வேண்டும்.

இரண்டாவது, நிக்கல் ராடு கொண்டு ஆர்க் வெல்டிங். ராடில் இரண்டு வகை முக்கியம். ஏறக்குறைய முழு நிக்கலாக இருப்பது மிருதுவானது. பிறகு லேத்தில் சீவ எளிது. பாதிக்கு மேல் நிக்கலும் மீதி இரும்புமாக இருப்பது பலமானது. சூட்டில் விரிவதும் வார்ப்பிரும்புக்கு நெருக்கமாக இருக்கும். காய்ந்து ஆறும் மேனிஃபோல்டுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சுடாமல் செய்வதானால் கரண்டைக் குறைத்து வை. ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டாதே. ஓட்டிய உடனே, சிவப்பு மறையும் முன், உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டு. ஆறும்போது வெல்டிங் சுருங்கி இழுப்பதைத் தட்டல் தளர்த்தும். பக்கத்தில் வெறுங்கையை வைக்க முடிகிற அளவு ஆறும்வரை அடுத்ததைத் தொடாதே. அடுத்ததை அதே இடத்தில் தொடராமல் வேறு முனையில் போடு. அவசரக்காரன் இந்த வழிக்கு வரக் கூடாது.

மூன்றாவது, பித்தளை ராடு. பார்க்க அழகாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். பம்ப் உறைக்கும் பிராக்கெட்டுக்கும் அருமையான முறை. ஆனால் நல்ல பாரத்தில் ஏறும்போது மேனிஃபோல்ட் சிவக்கிற அளவுக்குக் காயும். அந்தச் சூட்டில் பித்தளை பலமிழந்துவிடும். சிலிண்டரை ஒட்டிய கிளைகளுக்கு அதைப் போடாதே. பித்தளையிலிருந்து எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் உடம்பு வலியையும் கொண்டுவரும். காற்றோட்டம் இல்லாமல் செய்யாதே. குழாயில் பிதுக்கித் தடவும் பசையை நான் வழியாகவே எண்ணவில்லை.

10. முழுவதையும் சுடு, மெல்லச் சுடு.

கேஸ் வெல்டிங்குக்கு முன் மேனிஃபோல்ட் முழுவதும் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற வேண்டும். நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு அப்போதுதான் எட்டிப் பார்க்கும். ஒரு மூலையை மட்டும் சுட்டால் அந்த மூலை விரியும், மற்ற பக்கம் விரியாது. நீ ஒரு வெடிப்பை மூடும்போது இன்னொன்று திறக்கும். சூடேறும் முன் மேனிஃபோல்டைத் தடித்த இரும்புப் பலகையில், அல்லது கழித்துப் போட்ட பழைய ஹெட்டில், போல்ட் போட்டுப் பிடி, முகம் வளையாது.

தைப்பிங் பக்கம் கோல செபத்தாங்கில் சுடும் பாக்காவ் என்ற கண்டல் மரக் கரி கிடைத்தால் அதைக் கொண்டு செங்கல் உலை போடு. சீராக எரியும், வெகுநேரம் நிற்கும். ஊதுகுழலை முழுக்கத் திறந்துவிடாதே. காற்றை அளக்கத் தெரிந்தவனுக்குத்தான் நெருப்பு அடங்கும். இந்தக் கலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செமலிங் அருகே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 2009 முதல் தோண்டியதில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்றைச் செலுத்திய களிமண் குழாய்களும் ஏராளமாகக் கிடைத்தன. பீடோங்கில் பட்டறை வைத்திருக்கும் பிள்ளை ஒரு தடவையாவது அங்கே போய் அந்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். காற்றைக் கட்டுப்படுத்த எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது புரியும்.

11. சுட்டதைவிட மெல்ல ஆறவிடு, சமமாகப் பொருத்து.

வெல்டிங் முடிந்ததும் திறமை முடிந்துவிட்டதாக எண்ணாதே. வேகமாக ஆறினால் வெல்டிங்கை ஒட்டிய இரும்பு டிரில் பிட்டே இறங்காத கடினத்துக்கு மாறும்; அந்த இடம்தான் அடுத்து வெடிக்கும். வேலைக்கு முன்பே ஒரு டிரம் நிறைய உலர்ந்த சுண்ணாம்புத் தூளோ மரச்சாம்பலோ தயாராக இருக்கட்டும். தோட்டத்தில் ஸ்மோக் ஹவுஸ் எரிந்த காலத்தில் ரப்பர் கட்டைச் சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை; இப்போது நீயாகச் சேர்த்துவைக்க வேண்டும். சாம்பல் ஈரமாக இருக்கக் கூடாது. நம் ஊர் மழைக்காலத்தில் மூடி வைக்காத சாம்பல் இரண்டே நாளில் ஈரம் குடித்துவிடும். முதலில் வறுத்து எடு. மேனிஃபோல்டை அதில் முழுக்கப் புதைத்து மூடு. மறுநாள் வரை திறந்து பார்க்காதே.

ஆறியதும் மண்ணெண்ணெய்ச் சோதனையை மறுபடி செய். நேர்ச்சட்டத்தை முகத்தில் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார். 0.2 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் மெஷின் கடையில் முகத்தைச் சீவி வாங்கு. நாலாவது அறிவுரையை நினைத்துக்கொள்: மைனரானால் இன்லெட்டையும் சேர்த்துச் சீவச் சொல். புதுக் கேஸ்கெட், சுத்தமான மரை, பித்தளை நட். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்கு. எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த எஞ்சினின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் அள. உன் தோள்பலத்தால் அளக்காதே. குழாயின் பிராக்கெட்டைக் கடைசியில் மாட்டு. அது குழாயை இழுக்காமல் தானாக ஓட்டைக்கு நேராக வர வேண்டும். ஒரு தடவை எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி பார்.

12. செய்ததைச் சொல், சொன்னதை எழுதி வை.

சொந்தக்காரர் வண்டியை எடுக்க வரும்போது வெடிப்பு எங்கே இருந்தது, எதனால் வந்தது, நீ என்ன செய்தாய், இனி அவர் என்ன செய்யக் கூடாது என்று எல்லாம் சொல். வயதானவர் என்றால் "ஐயா, காய்ஞ்ச வண்டியைத் தண்ணியில இறக்காதீங்க" என்று இரண்டு தரம் சொல். எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல். நிக்கல் ராடு விலை அதிகம், உன் நேரமும் விலை உள்ளது. நியாயமான கூலியைக் கூசாமல் கேள். பழைய இரும்பைத் தூக்கி எறியாமல் காப்பாற்றும் கை கெடாவில் குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் கைக்கு மரியாதை வேண்டுமானால் முதலில் நீ அதை மதிக்க வேண்டும்.

முடிந்தால் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வெல்டிங்கில் எடுத்துக்கொள். அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக் கொடுக்கும் வழியும் அதில் உண்டு. கைத்தொழில் தெரிந்தும் தாளில் ஒன்றும் இல்லாமல், நம்மவர்கள் பலர் கடைசிவரை கூலியாளாகவே இருந்தார்கள். உங்கள் தலைமுறையில் அது தொடரக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடு. கார், எஞ்சின், வெடித்த இடம், எந்த ராடு, எப்படி ஆறியது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். மேலே முதல் வரியாகக் காரணத்தை எழுது. அந்த வரியை நிரப்ப உனக்கு எதுவும் இல்லை என்றால், வண்டி இன்னும் பட்டறையை விட்டுப் போகத் தயாராகவில்லை. சாவியைக் கொடுக்காதே, மறுபடி பானட்டைத் திற.